எவர்கிரீனிங் குதிரைகள்

குதிரைப் பந்தயத்தில் ஊக்கமருந்து என்று செய்தி வந்தால் நாம் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொள்கிறோம். எவனோ ஒரு திருடன் ராத்திரியில் லாயத்துக்குள் புகுந்து ஊசி போட்டான். லேப் கண்டுபிடித்தது. தண்டனை கொடுத்தார்கள். சுபம்.

இந்தக் கதை பாதிதான் உண்மை என்பது என் கட்சி. திருட்டு ஊசி கெடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தை அரை நூற்றாண்டாக அரித்தது டாக்டர் சீட்டு எழுதி, பில் போட்டு, சட்டப்படி போட்ட ஊசி. லேபில் பாஸான ஊசி. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. ரேஸில் பத்து ரூபாய் கட்டியதும் இல்லை. மும்பையில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிற பி.காம். ஆசாமி, வங்கியில் கடன் பிரிவு. ஆபீஸில் ஒரு நண்பர், சீசன் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மகாலக்ஷ்மி மைதானத்தில்தான் இருப்பார். "அமெரிக்காவில் டெஸ்டிங் எவ்வளவு கடுமை தெரியுமா? ஒரு பைகோகிராம் இருந்தால் கூடப் பிடித்துவிடுவான்" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொன்னார். அவருக்கு டப்பா மூடுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. மிச்சம் இங்கே :-)

முதலில் என் தொழிலில் இருந்து ஒரு விஷயம். வங்கிக்காரர்களுக்கு 'எவர்கிரீனிங்' தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கம்பெனியால் வட்டி கட்ட முடியவில்லை. 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். மேலிடம் கேள்வி கேட்கும், லாபம் அடிபடும். அதனால் சில இடங்களில் என்ன செய்வார்கள்? 89-ஆம் நாள் அதே கம்பெனிக்கு இன்னொரு பெயரில் இன்னொரு கடன். அந்தப் பணத்தில் பழைய வட்டி கட்டப்படும். கணக்கு பச்சைப் பசேல். வவுச்சர் சுத்தம், கையெழுத்து சரி, சீல் சரி. நோய் மட்டும் அப்படியே உள்ளே, முன்பைவிடப் பெரிதாக. 2015-ல் ரிசர்வ் வங்கி அசெட் குவாலிட்டி ரிவ்யூ என்று ஆரம்பித்து ஒவ்வொரு பெரிய கணக்காகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒளிந்திருந்த வாராக்கடன்கள் வரிசையாக வெளியே வந்தன. வவுச்சரை மட்டும் பார்த்த ஆடிட் எதுவும் அதுவரை கண்டுபிடிக்கவில்லை.

இப்போது குதிரைக்கு வருவோம். வலி என்பது உடம்பு அனுப்புகிற நோட்டீஸ். 'இந்தக் கால் தவணை தவறிவிட்டது, ஓய்வு கொடு' என்கிறது. பந்தயக் குதிரையின் கால் எலும்பு பெரும்பாலும் திடீரென்று உடைவதில்லை. தினசரி ஓட்டத்தில் நுண்ணிய விரிசல்கள் விழும். ஓய்வு கொடுத்தால் எலும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். கொடுக்காவிட்டால் விரிசல் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், முதுகில் ஒரு மனிதனோடு, முறியும். அந்த நோட்டீஸ் கண்ணில் படாமல் இருக்க ஒரு ஊசி போட்டால், அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் எவர்கிரீனிங்.

வங்கியில் கடன் மூழ்கினால் புரொவிஷன் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. ஐந்நூறு கிலோ உடம்பு நாலு மெல்லிய கால்களில் நிற்கிறது. ஒரு கால் போனால் எடை மற்ற கால்களுக்கு மாறி, அந்தக் குளம்புகளும் அழுகத் தொடங்கும். 2006-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த பார்பாரோ அடுத்த பந்தயத்தில் காலை உடைத்துக்கொண்டது. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவம் பார்த்தார்கள். எட்டு மாதம் போராடி 2007 ஜனவரியில் கருணைக்கொலைதான் முடிவு. பார்பாரோவுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத குதிரைக்கு மைதானத்திலேயே திரை கட்டி ஊசி போட்டுவிடுவார்கள். விழுகிற ஜாக்கியின் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இது எப்படிச் சட்டமாயிற்று?

1968. கென்டக்கி டெர்பியில் டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை முதலாவதாக வந்தது. சிறுநீரில் பினைல்பியூட்டசோன் இருந்தது. மனிதர்களுக்கும் ஒரு காலத்தில் மூட்டுவலிக்குக் கொடுத்த மருந்துதான். அந்தக் குதிரைக்குக் கணுக்காலில் தொந்தரவு என்பது ஊரறிந்த விஷயம். முதலிடம் பறிபோனது, ஃபார்வர்ட் பாஸ் என்ற குதிரைக்குக் கொடுத்தார்கள், வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. இதிலிருந்து என்ன பாடம் கற்றிருக்க வேண்டும்? கால் சரியில்லாத குதிரை ஓடக்கூடாது என்று. அவர்கள் கற்றது வேறு. சில ஆண்டுகளிலேயே கென்டக்கி உட்படப் பல மாநிலங்கள் அந்த மருந்தையே அனுமதித்துவிட்டன. வட்டி கட்டவில்லையா, கெடுவை நீட்டு. எவ்வளவு சுலபம் பாருங்கள்!

அடுத்தது லாசிக்ஸ். வீட்டில் இருதய நோயாளி இருந்தால் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கால் வீங்கினால் நீர் பிரிவதற்காகக் கொடுப்பது. வேகமாக ஓடும்போது குதிரையின் நுரையீரலில் ரத்தம் கசியும், அதைக் குறைக்க என்று ரேஸுக்கு நாலு மணி நேரம் முன்னால் இந்த ஊசியைப் போட்டார்கள். ரத்தம் கசிகிற குதிரைக்கு மட்டும் என்று ஆரம்பித்த சலுகை, கடைசியில் பத்துக் குதிரைகளில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டது. பெரிய மாநிலங்களில் கடைசிவரை எதிர்த்து நின்ற நியூயார்க்கும் 1995-ல் கதவைத் திறந்தது. காரணம் ரொம்ப எளிது. ஊசி போட்ட குதிரை பத்து கிலோ அளவுக்குத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு லேசாக ஓடும். அரை கிலோ எடைக்குக் கணக்குப் பார்க்கிற விளையாட்டில் பத்து கிலோ! பக்கத்து லாயக்காரன் போட்டால் நான் போடாமல் இருக்க முடியுமா? எல்லாக் குதிரைக்கும் ஒரே வியாதி வந்த மர்மம் இதுதான்.

இன்னொரு கணக்கு. 1960-ல் ஒரு அமெரிக்கப் பந்தயக் குதிரை வருடத்துக்குச் சராசரியாகப் பதினொரு தடவைக்கு மேல் ஓடியது. 2010-ல் அது ஆறு சொச்சம். இதற்குப் பல காரணங்கள் உண்டு, மருந்து மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "மருந்து கொடுத்தால்தான் குதிரை திடமாக ஓடும்" என்று ஐம்பது வருடம் பாடிய பாட்டுக்கு இந்த எண் ஒத்துவரவில்லையே?

மூன்றாவது, மூட்டுக்குள் போடுகிற கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி. வீக்கம் வடியும், வலி குறையும், குதிரை நொண்டாது. மருந்தாக இது நல்ல மருந்து. போட்டுவிட்டு ஓய்வு கொடுத்தால். போட்டுவிட்டு, ரத்தத்தில் அளவு குறைகிற நாளை எண்ணி, அன்றைக்கு ரேஸில் விட்டால்? லேபுக்கு அது 'நெகட்டிவ்'. காலுக்கு?

இதோடு 'கிளெய்மிங் ரேஸ்' என்ற அமெரிக்க ஏற்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலான சாதாரணப் பந்தயங்கள் இந்த வகை. ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலைச்சீட்டு. பந்தயம் தொடங்கும் முன்பே யாராவது பணம் கட்டிவிட்டால், பந்தயம் முடிந்ததும் குதிரை அவருடையது. நல்ல குதிரையை மலிவாகப் போட்டால் பறிபோய்விடும் என்பதால் விலை நியாயமாக இருக்கும் என்பது தத்துவம். நடைமுறையில்? கால் போகப்போகிற குதிரையை விலையைக் குறைத்துத் தள்ளிவிட இதைவிட நல்ல சந்தை கிடையாது. வாங்குகிறவருக்குப் பழைய ஊசிகளின் கோப்பு கையில் கிடைக்காது. ரேஸ் புத்தகத்தில் லாசிக்ஸுக்கு ஒரு எழுத்து அச்சாகியிருக்கும், மூட்டு ஊசிக்கு எதுவும் இருக்காது. அவரும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அடுத்தவர் தலையில் கட்டுவார். கெட்ட கடனை ஒவ்வொரு கிளையாக மாற்றிவிடுகிற மாதிரி. கடைசியாக யார் கையில் வெடிக்கிறதோ அவர் பாவி.

இப்போது நண்பர் பெருமைப்பட்ட பைகோகிராமுக்கு வருகிறேன்.

2021 மே 1, கென்டக்கி டெர்பி. மெடினா ஸ்பிரிட் ஜெயித்தது. ரத்தத்தில் பீட்டாமெத்தசோன், ஒரு மில்லிலிட்டருக்கு 21 பைகோகிராம். பைகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் முதலில் குதிரைக்கு இந்த மருந்தே கொடுக்கவில்லை என்றார். இரண்டு நாள் கழித்து, தோல் நோய்க்குத் தடவிய களிம்பில் அது இருந்தது என்றார். நம் வீட்டு அலமாரியில் இருக்கிற பெட்னோவேட்டில் உள்ள அதே சங்கதி. மாதக்கணக்கில் ஒரே சண்டை. ஊசியா, களிம்பா? அசிட்டேட்டா, வேலரேட்டா? எப்படிப் போனாலும் ரத்தத்தில் இருக்கக்கூடாது என்று 2022 பிப்ரவரியில் கென்டக்கி கமிஷன் முதலிடத்தைப் பறித்து மாண்டலூன் என்ற குதிரைக்குக் கொடுத்தது. 18 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசும் கை மாறியது.

விதிப்படி தீர்ப்பு சரி. எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மாண்டலூன் ஜெயிக்கும் என்று பணம் கட்டியவர்களுக்கு ஒரு சென்ட் கூட வரவில்லை. சொந்தக்காரருக்குப் பரிசு வந்தது. டிக்கெட் வாங்கியவனுக்கு நாமம். இரண்டு, தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2021 டிசம்பர் 6 அன்று, மெடினா ஸ்பிரிட் சான்டா அனிட்டா மைதானத்தில் பயிற்சி ஓட்டம் முடிந்த கையோடு விழுந்து செத்துவிட்டது. மூன்றே வயது. பிரேதப் பரிசோதனையில் காரணம் திட்டவட்டமாகத் தெரியவில்லை. அந்தக் களிம்புதான் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொல்வது, ஒரு தேசமே 21 பைகோகிராமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்பதுதான்.

மறுபக்கம் பாருங்கள். 2020 மார்ச்சில் ஹோர்ஹே நவாரோ, ஜேசன் செர்விஸ் என்ற பயிற்சியாளர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் நியூயார்க்கில் குற்றச்சாட்டு. செர்விஸின் மேக்ஸிமம் செக்யூரிட்டி அதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன்புதான் இரண்டு கோடி டாலர் சவுதி கோப்பையில் முதலாவதாக வந்திருந்தது. நவாரோவுக்கு ஐந்து வருடம், செர்விஸுக்கு நாலு வருடம் சிறை. எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? எஃப்.பி.ஐ. போனை ஒட்டுக்கேட்டு. அவர்கள் பயன்படுத்தியது பரிசோதனையில் சிக்காத சரக்கு. ஆக, பைகோகிராம் கணக்கில் களிம்பைப் பிடிக்கிற லேப், பெரிய திருட்டைப் பிடிக்கவில்லை; சட்டப்படி போட்ட ஊசியைப் பிடிக்க அதற்கு வேலையே இல்லை.

சட்டப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு சான்டா அனிட்டாவே சாட்சி. 2018 டிசம்பரில் தொடங்கி 2019 ஜூனில் முடிந்த ஒரே சீசனில் முப்பது குதிரைகள் செத்தன. கலிஃபோர்னியா பந்தய வாரியம் 23 மரணங்களை எடுத்து ஆராய்ந்து 2020-ல் அறிக்கை கொடுத்தது. சட்டவிரோத மருந்து எதுவும் இல்லை என்றது. அதே அறிக்கை, கால் முறிந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கனவே எலும்புக் கோளாறு இருந்த அடையாளம் இருந்தது என்றும் சொன்னது. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள். வவுச்சர் எல்லாம் சுத்தம். கம்பெனி திவால்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் நாலு பேர் வருவார்கள்.

"லாசிக்ஸ் நிஜமாகவே ரத்தக்கசிவைக் குறைக்கிறதே?" குறைக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை மருந்தோடு ஒரு தடவை, மருந்தில்லாமல் ஒரு தடவை ஓடவிட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாகவே காட்டியது. அதனால் என்ன? ஒரு விலங்கு ஓடினால் ரத்தம் கசிகிறது என்றால், கசியாதவாறு மருந்து கொடுத்து ஓட்டுவது ஒரு வழி, கசிகிறதை ஓட்டாமல் இருப்பது இன்னொரு வழி. இங்கிலாந்தும் ஹாங்காங்கும் ரேஸ் அன்று மருந்தில்லாமல்தான் பந்தயம் நடத்துகின்றன. நம் ஊர் கிளப்புகளிலும் அதுதான் விதி. அமெரிக்காவிலேயே 2021 முதல் மூன்று பெரிய டிரிபிள் கிரவுன் பந்தயங்கள் லாசிக்ஸ் இல்லாமல்தான் நடக்கின்றன. வானம் இடிந்து விழவில்லை.

"மருந்தைத் தடை செய்தால் திருட்டு பெருகும்." இங்கிலாந்திலும் திருட்டு நடந்தது, மறுக்கவில்லை. 2013-ல் கோடால்ஃபின் லாயத்தின் மஹ்மூத் அல் சரூனிக்கு ஸ்டீராய்டு கொடுத்ததற்காக எட்டு வருடத் தடை விதித்தார்கள். எப்படி மாட்டினார் என்று பாருங்கள். ரேஸ் முடிந்த பிறகு எடுக்கிற மாதிரியில் அல்ல. லாயத்துக்கே நேராகப் போய் எடுத்த மாதிரியில். கிளைக்குள் திடீரென்று நுழைகிற ஆடிட்டர்தான் எப்போதும் பயன்படுகிற ஆடிட்டர்.

"ஏழை டிரெய்னர் பிழைக்க வேண்டாமா? ஓய்வு கொடுத்தால் தீவனச் செலவு யார் தருவார்?" இது மட்டும்தான் நேர்மையான வாதம். உண்மையும் கூட. ஓய்வெடுக்கிற குதிரை ஒரு டாலர் சம்பாதிக்காது. அப்படியானால் அந்தச் செலவைப் பந்தயத் தொழில் தன் பணத்தில் ஏற்கட்டும். குதிரையின் கணுக்காலும் ஜாக்கியின் கழுத்தும் ஏற்க வேண்டாம்.

அமெரிக்காவே இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது என்பதையும் சொல்லவேண்டும். மாநிலத்துக்கு ஒரு விதி என்ற கூத்தை முடிக்க 2020 டிசம்பரில் மத்திய சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த ஆணையத்தின் பெயர் ஹைசா. பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையிலும் மருந்து விதிகள் 2023 மே மாதத்திலும் அமலுக்கு வந்தன. மூட்டு ஊசி போட்டால் பதினாலு நாள் பந்தயம் இல்லை, ஏழு நாள் வேகப் பயிற்சியும் இல்லை. சிகிச்சைப் பதிவுகளை ஆணையத்திடம் கொடுக்கவேண்டும். கிளெய்மிங் ரேஸ் முடிந்து குதிரை நொண்டினால் விற்பனையே ரத்து. கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. கெட்ட சொத்தை அடுத்தவன் தலையில் கட்ட முடியாது!

பலன்? 2009-ல் அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டத்துக்கு 2.00 குதிரை செத்தது. 2024-ல் ஹைசாவின் கீழ் உள்ள மைதானங்களில் அது 0.90. அதே வருடம் ஹைசாவுக்கு வெளியே உள்ள மைதானங்களில் 1.76. மருந்து விதி மட்டுமே காரணம் இல்லை. தரைப் பராமரிப்பு, ரேஸுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: 'இந்தக் குதிரை ஓடத் தகுதியானதா?' அதைக் கேட்க ஆரம்பித்ததும் எண் இறங்குகிறது. இதை எதிர்த்துக் குதிரைக்காரர்கள் சங்கங்களும் டெக்ஸாஸ் மாநிலமும் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறார்கள் என்பது தனி வேதனை. லாசிக்ஸையும் இந்தச் சட்டம் ஒரேயடியாக ஒழிக்கவில்லை. இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் பெரிய பந்தயங்களுக்கும் தடை போட்டுவிட்டு, மற்றதற்கு மாநிலங்கள் கேட்டால் மூன்று வருட விலக்கு, ஆய்வு என்று வாய்தா வாங்கினார்கள். வாய்தாவைப் பற்றி ஒரு வங்கிக்காரனுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

என் கோரிக்கை ஹாங்காங். அங்கே குதிரைகள் எல்லாம் கிளப்பின் லாயத்தில். மருத்துவர்கள் கிளப்பின் சம்பளத்தில். ஒவ்வொரு குதிரையின் கால்நடை மருத்துவப் பதிவும் இணையத்தில், நூறு ரூபாய் கட்டுகிறவனும் படிக்கலாம். எந்தக் கால் நொண்டியது, எப்போது தேறியது எல்லாம் தெரியும்.

இது நமக்கும் பொருந்துகிற விஷயம். நம் ஊரில் ரேஸ் சட்டப்படி நடப்பதற்கே காரணம், மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் 'இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை' என்று சொன்ன தீர்ப்புதான். குதிரையின் வம்சம், பழைய ஓட்டம், பயிற்சி, ஜாக்கி எல்லாம் ஆராய்ந்து பணம் கட்டுகிறான், அதனால் சூதாட்டம் இல்லை என்பது அதன் சாரம். (அரசாங்கம் மட்டும் 2025 செப்டம்பர் முதல் சூதாட்டத்தோடு சேர்த்து 40 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறது, அது வேறு பதிவு.) திறமை என்றால் தகவல் வேண்டும். மருத்துவக் கோப்பு இல்லாத ரேஸ் புத்தகம், நோட்ஸ் இல்லாத பேலன்ஸ் ஷீட். அதை வைத்து எந்தத் திறமைசாலி என்ன கணிப்பான்? 2017-ல் பெங்களூரில் குயின் லத்தீஃபா என்ற குதிரையின் மாதிரியில் புரோக்கெய்ன் இருந்ததாகத் தகராறு எழுந்து போலீஸ் விசாரணை, நீதிமன்றம் என்று இழுத்தது. புரோக்கெய்ன் மரத்துப்போகச் செய்கிற மருந்து. அப்போதும் எல்லோரும் கேட்டது 'யார் கொடுத்தது, யார் மறைத்தது' என்றுதான். 'அந்தக் குதிரைக்கு எங்கே வலித்தது?' என்று ஒருவர் கேட்டதாக நான் படிக்கவில்லை.

நண்பரிடம் திங்கட்கிழமை இதைத்தான் சொல்லப்போகிறேன். பைகோகிராமை லேப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பணம் கட்டுகிற குதிரைக்குக் கடந்த ஆறு மாதத்தில் எந்த ஊசி, எந்தக் காலில், எதற்காகப் போட்டார்கள் என்று கிளப்பில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டு வருகிற ஆட்டோ டிரைவரிடமே நான் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கிறேன் சார்.